பதினோராம் ஜோடி

ஆல்டரேஷன் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சீருடைக் கடையின் பின்னறையில், கழுத்தில் இஞ்ச் டேப்பும் வாயில் நாலு குண்டூசியுமாக முப்பது வருஷம் உட்கார்ந்தவள். நர்ஸ், காவலாளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று யார் வந்து நின்றாலும் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். "இடுப்பு முப்பத்தாறு. முப்பத்துநாலுன்னு பொய் சொல்லாதீங்க" என்பாள், அதுவும் வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, ஒரு எழுத்துப் பிசகாமல். டேப் வைத்து அளந்தால் முப்பத்தாறேதான் இருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. அப்பா போனபோது தம்பிகள் இரண்டு பேரும் அரை டிராயர். அவர்கள் ஆளாகட்டும் என்று இவள் சொன்னாள். ஆளானார்கள். அவர்களுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு அக்காவுக்குப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வழியும் பண்ணியாயிற்று. அதற்குள் தரகர் அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். சபையில் நடக்கிற கல்யாணங்களில் மணப்பெண்ணின் கவுன் முதுகுப் பக்கம் பட்டென்று பிரிந்தால் ஓடிப்போய் இழுத்துத் தைப்பது இவள்தான். அதனால் அந்த ஊர் மணப்பெண்களின் முதுகெல்லாம் இவளுக்கு அத்துப்படி, முகத்தைப் பார்க்கத்தான் நேரம் கிடைத்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு வழியாகக் கடைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, போதகர் கூட்டிப்போன புனிதப் பயணத்தில் சேர்ந்துகொண்டாள். வேதத்தில் வாசித்த ஆறு, மலை, கடல் எல்லாவற்றையும் நேரில் பார்க்கப் போகிறோம் என்று விமானத்தில் சீட் பெல்ட்டைக்கூட மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தாள்.

அங்கே இவர்களை மேய்க்க ஒரு கைடு வாய்த்தார். வருகிற தமிழ்க் கூட்டத்துக்கெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர். முன்பு ஒரு தடவை ஒரு பெரியவரை மலை மேலேயே விட்டுவிட்டு பஸ்ஸை எடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து தலை எண்ணுவதை விட்டு ஜோடி எண்ணத் தொடங்கிவிட்டார். இரண்டிரண்டு பேருக்கு ஓர் எண். எண்ணைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். ஒற்றைக் குரல் வந்தால் பஸ் நகராது.

"உங்க ஜோடி எந்திரிச்சா நீங்களும் எந்திரிங்க. எங்க போனாலும் கூடவே போங்க. முதல்ல போங்க, கேள்வி எல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்" என்று முதல் நாளே ஒப்பிக்க வைத்துவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி, அம்மா மகள், சிநேகிதிகள் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டது போக, இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி அக்கா. இன்னொருவர் ரொட்டிக்காரர். போதகர் இருவரையும் பார்த்து, "ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருங்க பிரதர், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் இவர்கள் உட்கார்ந்த வரிசைப்படி எண் பதினொன்று.

ரொட்டிக்காரர் மனைவியை இழந்து ஆறு வருஷம். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து பழகிய உடம்பு, காலை பத்து மணி ஆனால் போதும், நின்ற இடத்திலேயே கண் செருகிவிடும். கைடு ஆயிரம் வருஷக் கதையை ஆரம்பிக்கும்போது தூங்கி, முடிக்கும்போது விழித்து "ஆமென்" என்பார். "பதினொண்ணு" என்ற சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறக்காமலே "இருக்கோம்" என்று எழுந்து நடந்துவிடுவார். அவர் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பாயிற்று.

ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஆற்றங்கரையில் எல்லோருக்கும் வாடகைக்கு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவு. அக்காவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? கைப்பையைத் திறந்து குண்டூசிப் பெட்டியை எடுத்துவிட்டாள். இருபது பேரை வரிசையில் நிறுத்தி, தோளைப் பிடித்து, விளிம்பை மடித்து, ஊசி குத்தித்தான் தண்ணீரில் இறங்க விட்டாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது ரொட்டிக்காரர். பெட்டி ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை, அதாவது அந்த ஒரு மணி நேரமும் மனிதர் தூங்கவில்லை. அதை அக்கா கவனித்தாள்.

ஆண்டவரின் சீஷர்கள் புயலில் மாட்டிக்கொண்டு அலறிய கடலில் படகு சவாரி. ஏறிய இரண்டாவது நிமிஷம் இவருக்குக் குறட்டை.

"கடல் பாக்கறதுக்கு இவ்வளவு தூரம் வந்துட்டு தூங்கறீங்களே!" என்று உலுக்கினாள்.

"இந்தக் கடல்ல படகுல ஏறி ஆண்டவரே தூங்கினாரு, வேதத்துலயே இருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அவர் எழுந்து புயலை அடக்கினார். நீங்க எழுந்து எதை அடக்கப் போறீங்க?"

"உங்க பசியை." சட்டைப் பைக்குள் கைவிட்டு, வீட்டிலேயே சுட்டு எடுத்து வந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். வாயில் போட்டதும் கரைந்தது. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பிஸ்கட் தூள் புரையேறியது, தலையில் தட்டிவிட்டவரும் அவர்தான். அன்றைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து "பிரதர்" என்ற சொல் வரவே இல்லை. "இங்க பாருங்க", "இந்தாங்க", "உங்களைத்தான்" என்றே காலம் தள்ளினாள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அளவு பார்ப்பதில் அவள் கண் தப்பியதே கிடையாது.

ஆறாம் நாள், தண்ணீர் திராட்சை ரசமான அந்தக் கல்யாண வீட்டு ஊர். முந்தின நாள் எதையோ சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன போதகர் ஹோட்டலிலேயே படுத்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஊர்க் கோயிலில், வருகிற தம்பதிகள் எல்லோரும் கல்யாண உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். உறுதிமொழியைத் தமிழிலேயே அச்சடித்த சான்றிதழும் ஜோடிக்கு ஒன்று உண்டு. உள்ளூர் பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது. கைடு மைக்கைப் பிடித்து, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, எந்த எண்ணில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்களோ அந்த எண்ணையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு நாளாக அக்கா அந்த மனிதரைத் திட்டுகிற திட்டையும், பட்டன் பிய்ந்தால் பஸ்ஸிலேயே தைத்துக் கொடுப்பதையும் பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்?

"பதினொண்ணு!"

தூணில் சாய்ந்திருந்த ரொட்டிக்காரர் "இருக்கோம்" என்று எழுந்து நடந்தார். ஜோடி எழுந்தால் எழ வேண்டும், கேள்வி அப்புறம். அக்காவும் பின்னாலேயே ஓடினாள், சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்றுதான். முன்வரிசையில் தம்பதிகள் அவரவர் அழுகையில் இருந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்றதும் கைடு, "கையைப் பிடிங்க" என்றார். ரொட்டிக்காரர் அவள் கையைப் பிடித்தார்.

அகலமான கை. மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். நாங்கள் தம்பதி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கைடு வரி வரியாக வாசிக்க, ரொட்டிக்காரரின் அடிக்குரல் கோயில் முழுக்க உருண்டது. அவள் முறை வந்தது. "சம்மதமா?" என்றார் கைடு. "சம்மதம்" என்றாள் அக்கா. வாயில் ஊசி இல்லை, குரலில் பிசிறும் இல்லை.

கைதட்டல் எழுந்தபோதுதான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அப்புறம் கேட்க வேண்டுமா! பஸ் இரண்டுபட்டது. ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுக்க, நாற்பது பேர் பாடினார்கள். விஷயம் புரிந்த கைடு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். ரொட்டிக்காரரின் காது மடல் சிவந்துபோயிருந்தது. ஹோட்டல் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு பொட்டுத் தூங்கவில்லை. அக்கா சான்றிதழை மடிக்காமல் மடியில் வைத்திருந்தாள். உள்ளே ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. இதை விளையாட்டாக்கிவிடுவார்களோ, இவரும் சேர்ந்து சிரித்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் அதைப் பிடித்து அமுக்கியது.

மறுநாள் காலை, சாப்பாட்டு அறையில், இரண்டு கிலோ இளைத்த முகத்தோடு போதகர் அவள் மேஜைக்கு வந்தார். பின்னால் ரொட்டிக்காரர், கையில் காலித் தட்டுடன்.

"சிஸ்டர், அந்தப் பேப்பரைக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடலாம். ஊர்ல யாராவது பாத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றார் ரொட்டிக்காரர், தட்டைப் பார்த்தபடி. "நான் அரைத் தூக்கத்துல இருந்தேன். என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. சான்றிதழைப் பையிலிருந்து எடுத்தாள். போதகர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டால் முடிந்தது, ஒரு வாரம் சிரித்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவளும் பின்னறைக்குத் திரும்பிப் போய்விடலாம். அவள் கொடுக்கவில்லை.

"நீங்க தூங்கினீங்க, சரி" என்றாள். "நான் தூங்கலையே."

பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒவ்வொரு வரியும் தெரிஞ்சுதான் சொன்னேன். யாருக்கு எது தப்போ அவங்க அதைக் கிழிச்சுக்கட்டும். நான் சொன்னது எனக்குத் தப்பு இல்ல. இதைத் தரமாட்டேன், பாஸ்டர்."

சொல்லிவிட்டு, சான்றிதழைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ரொட்டிக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மணி பத்து தாண்டிவிட்டது, ஆனால் அந்தக் கண்ணில் தூக்கம் மருந்துக்கும் இல்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுல நான் என்ன சொல்லியிருக்கேன்? கொஞ்சம் படிங்க. ஒவ்வொரு வரியா."

"பிரதர், இது சாப்பாட்டு ஹால்..." என்றார் போதகர். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நிற்க முடியாமல் அவரும் உட்கார்ந்தார்.

"நல்ல நாளிலும் பொல்லாத நாளிலும்" என்று படித்தாள் அக்கா.

"நல்ல நாளிலும் பொல்லாத நாளிலும்."

"நீ நடக்கிற வழியில் நானும் நடப்பேன்."

"நீ நடக்கிற வழியில் நானும் நடப்பேன்."

"உன் கையை விடமாட்டேன்." இங்கேதான் அவளுக்கு எழுத்து கலங்கி, குரல் உடைந்தது. அவர் காத்திருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். அடுத்த வரியைத் தாளைப் பார்க்காமல் அவரே கேட்டார்.

"எனக்குச் சம்மதம். உங்களுக்குச் சம்மதமா?"

"நான்தான் நேத்தே சொல்லிட்டேனே!" என்றாள் அக்கா, அழுகையும் சிரிப்புமாக.