அக்காவின் பத்து மணி

காரின் பின்பெட்டியில் எப்போதும் ஆறு பாட்டில் தண்ணீர் இருக்கும். ஒன்றரை லிட்டர் பாட்டில்கள். அவற்றை அக்காதான் நிரப்புவாள். காலையில் குழாயில் பிடித்து, மூடியை இறுக்கி, ஒரு துணிப்பையில் வரிசையாக அடுக்கிக் கிள்ளானில் எங்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் வாசலில் வைத்துவிடுவாள். அத்தனையும் காருக்கு. அவளுக்கு டாக்டர் ஒரு நாளைக்கு அளந்து கொடுத்திருந்தது அரை லிட்டர். சோற்றில் ஊற்றிக்கொள்ளும் ரசமும் அந்தக் கணக்கில்தான் வரும். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவள். அதற்குமேல் குடித்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். நாக்கு வறண்ட ஒருத்தி ஒன்பது லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைப்பதை நான் பக்கத்திலேயே நின்று தே தாரேக் டீயைக் குடித்தபடி பார்த்திருக்கிறேன். "ஒங் காரு குடிக்கிறதுல பாதிய எனக்குக் குடுத்தாப் போதும்டா, ராணி மாதிரி இருப்பேன்" என்பாள். நானும் சிரிப்பேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரியில் உதவியாளாக இருந்தேன். ஜொகூரில் செம்பனைக் குலை வெட்டினேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். பினாங்கில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவி, பிறகு அதே உணவகத்தில் மீன் பொரித்தேன். எந்த இடத்திலும் ஓராண்டு முழுதாகத் தங்கியதில்லை. ஈப்போவில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். அவளிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவனா, விட்டுட்டுப் போறவன்லா" என்று முடித்துவிடுவார்கள். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

அத்தான் இறந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்த அக்காவுக்கு நோய் முற்றியபோது, வேறு யாரும் வர முடியாத நிலையில் நான் வந்து சேர்ந்தேன். கிள்ளானில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறநிலைய மையத்தில்தான் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள். அவளை அழைத்துப் போவதற்காகவே அந்தக் காரை வாங்கினேன். என் பெயரில் பதிவான முதல் பொருள் அது. வாங்கிய இரண்டாம் மாதமே எஞ்சின் சூடேறத் தொடங்கியது.

சூடேறும் காரை ஓட்டுவதற்குச் சில வித்தைகள் உண்டு. முள் பாதிக்கு மேல் ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிட வேண்டும். எஞ்சினின் சூடு அந்த வழியாகக் காருக்குள் வந்துவிடும். எஞ்சின் தப்பிக்கும், உள்ளே இருப்பவர்கள் வேகுவார்கள். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, காலில் அடிக்கும் அனல் காற்றிலிருந்து பாதங்களைத் தூக்கி இருக்கையின்மேல் சம்மணமிட்டுக்கொள்வாள். முள் அப்படியும் இறங்காவிட்டால் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்து மெல்லத் திருகி, பாட்டில் தண்ணீரை ஊற்றுவேன். உள்ளே அது கொளக் கொளக்கென்று இறங்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். அக்கா அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

மேரு சாலையில் கார்ப் பட்டறை வைத்திருந்த ஃபோர்மேன் அண்ணன் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தம்பி, ரேடியேட்டர் மாத்தியாச்சு, வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, ஹெட் காஸ்கெட் ரெண்டு தடவ போட்டாச்சு. இனி மாத்துறதுக்கு டிரைவர் மட்டுந்தான் பாக்கி. விட்டுரு லா." நான் கேட்கவில்லை. அவர் பழைய காருக்குச் சொன்னது எனக்குச் சொன்னதைப் போல இருந்தது. எல்லாவற்றையும் பாதியில் விட்டவன், இந்த ஒன்றையாவது விடாமல் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடிவாதம் பிடித்தேன். அதற்குப்போய் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தேன்.

அக்கா ஒருமுறை, "நான் ரயில்லயே போயிடுறேன்டா. கிள்ளான்ல ஏறுனா செண்ட்ரல்ல எறங்கிரலாம், பக்கந்தானே" என்றாள். "சிகிச்சை முடிஞ்சு தல சுத்தி பிளாட்பாரத்துல விழுந்தா யாரு தூக்குவா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று கத்தினேன். அத்தோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம், "மையத்துல நேரத்த மாத்திட்டாங்கடா. பதினொன்றரை இல்லியாம், இனிமே பத்து மணியாம்" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் எட்டரைக்கே கிளம்ப ஆரம்பித்தோம்.

இதில் அவள் இழந்தது என்ன என்று நான் அப்போது யோசிக்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே ஒரு சன்னல் வழியாகத்தான் நல்ல வெளிச்சம் வரும், அதுவும் காலையில் மட்டும். கண் மங்கியவளுக்கு ஊசியில் நூல் கோக்க அந்த வெளிச்சம் வேண்டும். சிகிச்சை முடிந்து வந்த மாலைகளில் சுருண்டு படுத்துவிடுவாள். ஆக வாரத்தில் மூன்று காலைகள் போயின. கடைக்காரர் கொடுக்கும் துணிக்கட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. வழியில் இரண்டு முறை நின்றாலும், ஓர் ஆண்டாகப் பத்து மணிக்கு ஐந்து, பத்து நிமிடம் முன்னே பின்னே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். பட்டறையில் உட்கார்ந்து, "எல்லாரும் விடு விடுங்குறீங்க, ஒரு நாள் லேட்டாயிருக்கா சொல்லுங்க" என்று ஃபோர்மேன் அண்ணனிடம் மார்தட்டியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை கார் மூன்று இடங்களில் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்போது பதினொன்று பத்து. அக்கா மெல்ல இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டு நான் உள்ளே ஓடினேன். அதுவரை வாசலோடு திரும்பிவிடுவேன். உள்ளே போனது அதுதான் முதல் தடவை. முன் மேசையிலிருந்த தாதியிடம், "மிஸ்ஸி, மன்னிச்சிருங்க, கார் நின்னுப்போச்சு, ஒரு மணி நேரம் லேட்டு, அக்காவ அனுப்பிராதீங்க" என்று கெஞ்சினேன். அவர் விழித்தார். "யாரு லேட்டு? ஆன்டிக்குப் பதினொன்றரைக்குத்தானே? எப்பவுமே அதான் டைம். இன்னும் பெட்டே காலியாகல. தெனம் பத்து மணிக்கெல்லாம் வந்து ஃபேனுக்கடியில உக்காந்துருப்பாங்க. 'என்ன ஆன்டி, வீட்டுல மாமியா கொடுமையா?'ன்னு நாங்ககூட கிண்டல் பண்ணுவோம்."

திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் எதையும் கேட்டிருக்கவில்லை. என்னைக் கடந்து போகும்போது, "பாத்தியா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நல்லவங்க" என்றாள்.

என் காரைப் பழிக்காமல், என்னையும் பழிக்காமல், தன் காலையில் ஒன்றரை மணி நேரத்தை வெட்டி அந்தக் காருக்குப் போட்டிருக்கிறாள். அன்றைக்கே அதைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க என்ன இருந்தது? ஆனால் நான் செய்தது வேறு. இதை எழுதவே கூசுகிறது. எனக்கு நிம்மதி வந்தது. ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் நிதானமாக ஓட்டத் தொடங்கினேன். பாடாங் ஜாவாவில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டேன். வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் இறங்கிப் பேசினேன். அவள் எனக்காக ஒளித்து வைத்த நேரத்தை அவளுக்கே தெரியாமல் எடுத்துச் செலவழித்தேன். ஐந்து மாதம்.

அந்தத் திங்கட்கிழமை, ஷா ஆலமில் பழைய கார்களை உடைத்து உதிரிப் பாகம் விற்கும் ஒரு கடையில் நிறுத்தினேன். அந்தக் காருக்குத்தான் ஒரு பாகம் தேவைப்பட்டது. கடைக்காரர் தேடித் தேடி எடுத்தார். அக்கா வெயிலில், காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பத்து மணி ஆனது. பத்தைத் தாண்டியது. நான் பதறவில்லை. பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நம்புகிறவன் அந்த நேரத்தில் கடைக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்கா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் எஞ்சின் ஒரு சத்தத்தோடு நின்றது. ஆறு பாட்டிலையும் ஊற்றினேன், அசையவில்லை. "வாடக காரக் கூப்பிடுடா" என்றாள். "அஞ்சு நிமிசம்க்கா" என்றேன். அந்த ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தேன். வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. அவளுடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் காலை வரச் சொன்னார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் சேர்ந்த நீரோடு இன்னொரு நாளும் சேர்ந்தது. மறுநாள் காலை அவளால் மூச்சுவிட முடியவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வார்டில் இளம் டாக்டர் ஒருவர் அக்காவை மலாயில் கடிந்துகொண்டார். திங்கட்கிழமை ஏன் நேரத்துக்குப் போகவில்லை, உயிரோடு விளையாடுகிறீர்களா என்றார். அக்கா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சற்று விலக்கி, "தெர்திடூர், டாக்டர்" என்றாள். தூங்கிவிட்டேன் என்று. டாக்டர் என்னையும் பார்த்தார். நான் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

மறுநாள் காரை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டேன். ஃபோர்மேன் அண்ணன் தன் மனைவி ஓட்டாமல் வைத்திருந்த சிறிய காரை எனக்குக் கொடுத்தார். அது சூடேறாது. நிற்காது. பத்து நாள் கழித்து அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, "எத்தன மணிக்குக்கா போகணும்?" என்று கேட்டேன். "பத்து" என்றாள். வேறென்ன சொல்வாள்? மாற்றிச் சொன்னால் முன்பு சொன்னது பொய் என்றாகிவிடும். நானும் எட்டரைக்கே கிளம்பினேன். ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நோயாளிப் பெண் ஒருத்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள். இப்படி ஏழு மாதம் போனது. குறை சொல்ல இப்போது அந்தப் பழைய காரும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது, "பத்தேகாலுக்குக் கெளம்புனாப் போதும்க்கா. ஒனக்குப் பதினொன்றரைக்குத்தானே" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"மிஸ்ஸி."

"எப்ப?"

"முந்தாநேத்து" என்றேன்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்ததாக எனக்கு நினைவு. உண்மையில் சில விநாடிகள்தான் இருக்கும். பிறகு, "ஒனக்கு மனசு கஷ்டமாயிருமேன்னுதான்டா" என்று சொல்லிவிட்டு மாட்டிய செருப்பைக் கழற்றினாள். "அப்ப அந்தப் பச்ச ரவிக்கைய முடிச்சிடுறேன்" என்று உள்ளே போனாள்.

அக்கா அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள். இப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறேன். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே பட்டறையில் விட்டுவிடுகிறேன். முதலாளிக்கு என்மேல் நல்ல பெயர், பொறுப்பானவன் என்று. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது, நிற்கும், மறுபடி ஓடும். முந்தாநேற்று இல்லை, ஓராண்டாகவே எனக்குத் தெரியும் என்று சொல்வதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்கு அவளே கதவைப் பூட்டிக்கொண்டு வந்து, "போலாமாடா?" என்றாள்.