யூசுப் சார் தொடவிடாத பங்கு

யூசுப் சார் இறந்துவிட்ட செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு, மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன். அழக்கூடத் தெம்பில்லை. இருபது வருட ஷிஃப்ட் வேலை மனிதனை இப்படித்தான் ஆக்கிவிடுகிறது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த பேட்டரி நினைவிருக்கும். தாராபுரம் பக்கம், எங்கள் துணை மின்நிலையத்தின் பின்னால், லாரிப் பெட்டி போல இரண்டு வெள்ளைப் பெட்டிகள். பகலில் வெயிலும் காற்றாலையும் தரும் மின்சாரம் மிஞ்சினால் அதில் சேமிப்போம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது எடுத்துக் கொடுப்போம். ஆனால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவர் தொடவிடமாட்டார். பெரிய லைன் அறுந்துபோனால் சுகாதார நிலையத்துக்கும் குடிநீர் மோட்டாருக்கும் அதுதான் கதி. “தீயணைக்க வெச்ச வாளித் தண்ணியில யாராச்சும் துணி தொவைப்பாங்களாங்க?” என்பார். மகளுக்குச் சேர்த்துவைத்த சீதனமா என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

ஒருமுறை கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர், வரவேற்பு முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது என்று லட்டுப் பெட்டியோடு வந்தார். சார் ஒரு லட்டை நிதானமாகத் தின்றார். “லட்டு நல்லா இருக்குதுங்க. கரண்டுக்கு ஜெனரேட்டர் வெச்சுக்குங்க” என்று சொல்லிப் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை. நோன்பு துறக்க அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கட்டுப்பாட்டு அறை மேசையில் நான் மட்டும். மின்தேவை ஏறிக்கொண்டே போனது. இன்னும் மின்சாரம் கொடு என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். பதில் சொல்லிச் சலித்துப்போய், அந்தப் பங்கையும் திறந்துவிட்டேன். போன் நின்றது. அது காலியாகி முடிந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்தது, லைன் அறுந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்குக் கைபேசி வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் புண்ணியத்தால் அல்ல.

விசாரணை வந்தது. தன் உத்தரவின்பேரில்தான் திறக்கப்பட்டது என்று சார் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் தடுக்க வாயெடுத்தேன். “உங்களுக்குப் புள்ளைங்க சின்னதுங்க. நான் பாத்துக்கறேனுங்க” என்றார். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. அதுதான் உண்மை. அவரைப் பெருந்துறைக்கு மாற்றிக் கோப்பு பார்க்க வைத்தார்கள். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

அடக்கம் முடிந்து அவருடைய கோட்டைமேட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் மகள் சபீனா தேநீர் கொண்டுவந்தாள். “அத்தா அந்த ஒரு நாள் மட்டும் ஏன் அப்படிச் செஞ்சாருன்னு எங்களுக்கு இன்னும் புரியலீங்க” என்றாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு, வாரேன் கண்ணு என்று எழுந்துவந்துவிட்டேன்.

இன்று அந்த மேசையில் யார் போன் செய்தாலும் நான் அந்தப் பங்கைத் தொடுவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். என்னிடம் இருக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது, அவருடைய நல்ல பெயர். அதைத் திருப்பித் தரத்தான் இதை எழுதுகிறேன். சபீனா கண்ணு, உன் அத்தா அன்றைக்கு எதையும் திறக்கவில்லை. திறந்தவன் உன் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் பேசாமல் வந்த நான்தான்.