பெட்டிக்குள் என் விரல்கள்

என்னை எங்கள் மியூசிக் பேண்டிலிருந்து நீக்கிய செய்தியைப் பாடகர் ஒரு டீக்கடையில் வைத்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரில் இருக்கும் கடை. பின்னால் சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"என்னண்ணா சொன்னீங்க?"

"இனிமே பேஸுக்கு ஆள் வேணாம்மா. மெஷினே பாத்துக்கும்."

மெஷின் என்று அவர் சொன்னது ஒரு லேப்டாப்பையும் அதோடு ஒயரால் இணைத்த சின்னக் கறுப்புப் பெட்டியையும். காலால் பட்டனை மிதித்தால் போதும், பாட்டு முழுக்க பேஸ் கிட்டார் தானாக வாசிக்கும். கூட நாலு வயலின் வேண்டுமென்றால் அதுவும் வரும்.

"உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நீக்கியதைக்கூடப் பொறுத்திருப்பேன். எனக்கு ஏதோ உதவி செய்வதைப் போல அவர் முகத்தை வைத்துக்கொண்டிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் மூன்றே பேர். அவர் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பார். கடைவீதியில் மொபைல் கடை வைத்திருக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவன் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, என்னை அக்கா என்பான். நான் செராமிக் கம்பெனி ஒன்றில் கிளேஸ் போடும் வேலை பார்க்கிறேன். சூளைக்குப் போவதற்கு முன்பு பொம்மைகளையும் கப்புகளையும் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் வேலை. பேஸ் கிட்டாரை நான் கற்றுக்கொண்டது சர்ச்சில். ஆறு கம்பிக் கிட்டாருக்குப் போட்டி இருந்தது, பாடுவதற்குப் போட்டி இருந்தது. நாலே நாலு தடித்த கம்பியோடு மூலையில் கிடந்ததை யாரும் தொடவில்லை. நான் தொட்டேன். கம்பியை மீட்டினால் காதுக்கு முன்னால் வயிற்றில்தான் கேட்டது. அதோடு சரி, வேறு எதையும் வாசிக்க எனக்கு ஆசை வரவில்லை.

நாங்கள் வாசித்தது ராக். இந்த ஊரில் ராக் பேண்டா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். காலேஜ் விழாக்கள், கல்யாண வரவேற்புகள், கடைத் திறப்புகள் என்று நெய்வேலிவரை போய் வாசித்திருக்கிறோம். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே சொந்தப் பாட்டுகளையும் சொருகுவோம். வார்த்தையும் மெட்டும் அவருடையவை. அடியில் போகும் பேஸ் எல்லாம் நான் உண்டாக்கியது.

டீக்கடையில் அதைச் சொல்வதற்குச் சில மாதம் முன்பு, மழைக்காலத்தில், நிகழ்ச்சி ஏதும் இல்லாத வாரங்களில், அவருடைய மொபைல் கடை மாடியில் என்னை மட்டும் உட்கார வைத்து எல்லாப் பாட்டையும் ரெக்கார்டு செய்தார். "ஞாபகத்துக்கு இருக்கட்டும், பிராக்டிஸுக்கு ஒதவும்" என்றார். ஒரு பிசிறுகூட இருக்கக்கூடாது என்று நானே திரும்பத் திரும்ப வாசித்துக் கொடுத்தேன். எதற்கு அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது கருவேப்பிலங்குறிச்சியில். கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். வரவேற்புக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து பிரியாணியைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மண்டபத்திலிருந்து எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று கேட்டது. அங்கே வாசிக்க வந்திருப்பது அவர்கள்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போகட்டும் என்று அடுத்த கவளத்தை எடுத்தேன். பாட்டின் நடுவில் பேஸ் ஒரு இடத்தில் மேலேயிருந்து கீழே வழுக்கி இறங்கியது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வழுக்கலுக்குக் காரணம் என் சுண்டுவிரல். அந்தப் பாட்டை ரெக்கார்டு செய்த வாரத்தில் சூளை வண்டியின் சூடான இரும்பில் பட்டு அது வெந்துபோயிருந்தது. அதை நீட்டி அழுத்த முடியாமல் மோதிரவிரலாலேயே வழுக்கிக்கொண்டு வந்து அந்தச் சுரத்தைப் பிடித்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த இடத்தை நான் அப்படி வாசித்ததே இல்லை. உலகத்தில் எந்த மெஷினுக்கும் சுண்டுவிரல் வேகாது.

எச்சில் கையோடு எழுந்து போய் மேடைக்கு எதிரில் நின்றேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் லேப்டாப். என் விரல்கள் அதற்குள்ளிருந்து வாசித்துக்கொண்டிருந்தன. பாடகர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார்.

பாட்டு முடிந்து இறங்கி வந்ததும் கேட்டேன். "அது நான் வாசிச்சதுதானே?"

"ஆமா. மெஷின்ல இருக்கிற சவுண்ட போட்டுப் பாத்தேன், செட்டாவல. உன்னோடதுதான் நல்லா இருக்குது" என்றார், பாராட்டுகிற தொனியில்.

"அப்ப என்னையே கூப்புட்டிருக்கலாமே?"

"நீ ஷிஃப்டுன்னுவ, லீவு இல்லன்னுவ, பஸ்ஸு இல்லன்னுவ. இது எப்பவும் ரெடியா இருக்குது. கோவிச்சுக்காதம்மா, நீ வெளிய இல்லியே, உள்ளதான இருக்கிற?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "ஜெபம் பண்ணிட்டு வுட்டுடும்மா" என்றாள். ஜெபம் செய்தேன். என்ன கேட்டேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேலை முடிந்து டிரம்ஸ்காரனின் ஆட்டோவில் ஏறினேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. சொல்ல வாய் வரல."

"உன்னை நான் ஒண்ணும் கேக்கலியே."

"காதுல ஒண்ண மாட்டிவுட்டிருக்கார்க்கா. டிக் டிக் டிக்னு அடிச்சிக்கிட்டே இருக்குது. அதுக்கு ஒரு இம்மி முன்ன பின்ன அடிக்கக்கூடாதாம். நான் வாசிக்கிறனா இல்ல செக்குமாடு சுத்துறனான்னு எனக்கே தெரியல. போன வாரம் சொல்றார், டிரம்ஸும் அதுலயே இருக்குதாம், பாக்கலாம்னு."

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. நான் முன்னால் குனிந்தேன். "அடுத்த ப்ரோக்ராம் எங்க?"

"பைபாஸ்ல புதுசா டைல்ஸ் ஷோரூம் தொறக்கிறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு."

"நான் வந்து வாசிச்சா, அந்தக் காதுல இருக்கிறத கழட்டுவியா?"

அவன் அப்போதுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கேட் திறந்தது. வீடு வந்தது. இறங்கும்போது, "கிட்டாரை ஆட்டோல எடுத்துக்கிட்டு வரலாம்க்கா, பஸ்ஸுல இடிபடும்" என்றான்.

ஷோரூம் முதலாளியை எனக்குத் தெரியும். முந்தைய வருடம் அவர் மகள் படிக்கும் காலேஜில் நாங்கள் வாசித்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பொண்ணு ஒன்று இவ்வளவு பெரிய கிட்டாரைத் தூக்கி வாசிப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று கைகொடுத்தவர். அன்று சாயங்காலம் நான் மேடைக்குப் போகவில்லை. நேராக அவரிடம் போய் வணக்கம் சொன்னேன். தோளில் கிட்டார்ப் பை.

"வாங்கம்மா வாங்க! ஏன் இன்னும் மேல ஏறல?"

"நீங்க சொன்னா ஏறுறேன் சார்."

அவர் மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, இவங்க இல்லாமலா ஆரம்பிச்சீங்க? எடம் வுடுங்க." விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாடகர் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நான் ஏறி ஒயரைச் சொருகும்போது மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். "என்ன பண்ற நீ?"

"அலைச்சல் மிச்சம் பண்ண வந்தேன்ணா."

அவர் பட்டனை மிதித்தார். பெட்டியிலிருந்து நான் வாசிக்க ஆரம்பித்தேன். வெளியே நின்றும் வாசித்தேன். முதல் இரண்டு வரிக்கு இம்மி பிசகாமல் அதோடு சேர்ந்தே போனேன். நானும் நானும் ஒரே மேடையில். கூசியது எனக்கு.

பிறகு மெல்ல இழுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் பின்னால். பெட்டி அது பாட்டுக்கு ஓடியது. பின்னால் திரும்பி டிரம்ஸ்காரனைப் பார்த்தேன். அவன் காதிலிருந்ததைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுவிட்டு என் வலதுகையைப் பார்த்து அடித்தான். அடி விழுந்த கனத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. இப்போது பெட்டி ஒரு பக்கம், நாங்கள் இருவர் ஒரு பக்கம். நடுவில் அவர். பெட்டியோடு ரெண்டு வார்த்தை, எங்களோடு ரெண்டு வார்த்தை என்று தாவிப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ, "என்னா ஆச்சு, ஸ்பீக்கரு போச்சா?" என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் காலை ஓங்கி மிதித்துப் பெட்டியை நிறுத்தினார்.

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். பாட்டின் கடைசியில் அவர் பெருமைப்படும் இடம் ஒன்று உண்டு. உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துத் தொங்குவார், கை தட்டுவார்கள். கீழே பேஸ் அடுத்த சுரத்துக்கு மாறினால்தான் அவர் அங்கிருந்து இறங்க முடியும். எப்போதும் சரியான நேரத்தில் நான்தான் மாறி அவரை இறக்கிவிடுவேன். கூட்டத்துக்கு அது தெரியாது. அவருக்கே எவ்வளவு தெரியும் என்று சந்தேகம்தான்.

அன்று நான் மாறவில்லை. அதே கம்பியை, அதே இடத்தில், நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் தொங்கினார். கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணால் கெஞ்சினார், தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். குரல் பிளந்து, கரகரத்து, இருமலில் போய் முடிந்தது. சின்னப் பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அதன் பிறகு மாறினேன்.

ஷோரூம் முதலாளி, பாவம், தண்ணீர் பாட்டிலோடு மேடைக்கு ஓடி வந்தார். "தொண்ட கட்டிக்கிச்சா தம்பி?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பாடகர் கம்பெனி வாசலில் வந்து நின்றார். நான் கிளேஸ் காய்ந்த கையோடு வெளியே போனேன்.

"ஊரு சிரிக்குது. உனக்கு என்ன கெடுதல் பண்ணேன் நான்?"

"லேப்டாப் கொண்டாந்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"நான் வாசிச்சதயெல்லாம் என் கண்ணு முன்னாடி அழிங்க. இல்லன்னா நீங்க எந்த மேடை ஏறினாலும் நானும் வருவேன்."

வேப்பமரத்தடியில், கடைக்குக் கொண்டுபோக எடுத்து வந்திருந்த லேப்டாப்பை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து ஒவ்வொரு பாட்டாக அழித்தார். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன்பு போடச் சொல்லி இரண்டு நொடி கேட்டேன். வழுக்கி இறங்கும் அந்த இடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் வலித்தது. "அழிங்க" என்றேன். அழித்தார். மூடும்போது, "சனங்களுக்கு வித்தியாசமே தெரியாது, பாரு" என்றார்.

அவர் சொன்னது நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியில் வேறு ஏதோ பேஸ் வந்தது, டிரம்ஸும் பெட்டிக்குள் போனது, தனி ஆளாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் பாடினார். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம்வரை கூப்பிட்டார்கள். சனங்கள் சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், யாரும் எதையும் தேடவில்லை. நானும் டிரம்ஸ்காரனும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வாசித்தோம். பேஸும் டிரம்ஸும் மட்டும். கேட்பதற்குப் பெரும்பாலும் அவன் மனைவியும் குழந்தையும்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை அவருடைய பேனர் கண்ணில் படும்போதும் எனக்குள் சூளை எரிந்தது. காலம் ஆற்றும் என்றார்கள். எனக்கு ஆற்றவில்லை.

ஒரு வருடம் போலக் கழித்து அவரிடமிருந்து போன். குரல் தேனாக இருந்தது. புதுச்சேரியில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் மாதாமாதம் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மேடையில் ஆட்கள் இருந்து வாசிக்க வேண்டும், பெட்டி மட்டும் என்றால் வேண்டாம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

"நீயும் அவனும் வாங்கம்மா. பழசு எதுவும் மனசுல வெச்சுக்காத."

"எப்ப பிராக்டிஸ்ண்ணா?"

"பிராக்டிஸெல்லாம் வேணாம். சும்மா மாட்டிக்கிட்டு நின்னு கைய அசைச்சா போதும். ஒயரு சொருக மாட்டோம். உன் சவுண்டு எங்கிட்ட பென்டிரைவ்ல இருக்குது."

அழிக்கவே இல்லை. வேப்பமரத்தடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தவர், வீட்டில் இன்னொரு நகல் இருப்பதை மறைத்திருக்கிறார்.

"வரேன்ணா" என்றேன்.

"தங்கமான பொண்ணு" என்றார்.

டிரம்ஸ்காரனுக்குப் போன் போட்டேன். அவனும் அவரிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டான். பாடகர் எங்கள் பழைய போட்டோவைப் போட்டு போஸ்டர் அடித்தார். ஓட்டலும் அதை வாசலில் வைத்தது. நாங்கள் பஸ் ஏறிவிட்டோமா என்று கேட்டு மத்தியானம் மெசேஜ் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

சாயங்காலம் நான் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பெஞ்சின்மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அம்மா எட்டிப் பெயரைப் பார்த்தாள். "அவருதான். எடுத்துப் பேசேன்."

"கை வேலையா இருக்குதும்மா."

"மன்னிக்கக் கூடாதா? இப்புடி வெச்சிருந்தா மனசு நெறையுமா?"

"நெறையுதும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை.

அரை மணி கழித்து டிரம்ஸ்காரன் கூப்பிட்டான். ஓட்டலில் வேலை பார்க்கும் அவனுடைய மச்சான் சொன்னானாம்: மேனேஜர் போஸ்டரையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லேப்டாப்பைப் பைக்குள் வைக்கச் சொல்லி, பாடகரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டாராம். ஸ்டூலை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

அன்றைக்கு அம்மா வைத்த வெங்காயச் சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.