மாடியில் தனிச் சமையல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டிய காலமெல்லாம் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் அத்தனையையும் சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒருநாள் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன்.

"தெனமும் ஒரு கொற சொன்னா நான் இன்னா பண்றது மாமா? உங்களுக்குப் புடிச்ச மாரி நீங்களே ஆக்கிக்குங்க" என்றாள் தம்பி மனைவி.

தம்பி வீடு என்று என் வாயிலேயே வருகிறது பாருங்கள். நான் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு அது. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஒரகடம் கூட்ரோடுக்குப் போய் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிவந்து, மாடியில் என் அறையில் வைத்துச் சோறு பொங்கினேன்.

ரோஷம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தம்பி மேலே வந்து, "இன்னாண்ணே சின்னப் புள்ளையாட்டம், சாப்ட வா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், இறங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். மழைக்காலம் வந்து போனது. நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகத் தொடங்கினேன். அவன் வரவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "சாப்ட்டியாண்ணே?" என்பான், அவ்வளவுதான். ஆக்கியது நானாக இருக்கும்போது சாப்பிடாமல் எங்கே போவேன்?

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி நாடு முழுக்க எடுக்கிற கணக்கெடுப்பாம். தம்பி வாசலில் நாற்காலி போட்டான். நான் யூனிபார்ம் சட்டையை அலசிக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. ஒருவழியாக நம்மைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் வந்தாயிற்று.

"வீட்ல யாராவது வெளிநாட்ல இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா."

"போன ஒரு வருஷத்துல வெளிநாட்ல இருந்து பணம் வந்துச்சா?"

"இல்ல."

இரண்டும் உண்மைதான். குறை சொல்ல முடியாது.

"ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க எத்தன பேர் சார்? அவங்களத்தான் ஒரு குடும்பம்னு எடுத்துப்போம்."

என் கையிலிருந்த சட்டை படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாலு பேரு. நானு, சம்சாரம், ரெண்டு பசங்க."

"மாடியில?"

"ஒடிசா பசங்க கீறானுங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தர் கீறாரு. தனிச் சமையல்."

"எல்லாமே வாடகைக்கா?"

அவன் பிடரியைத் தடவினான். ஒருமுறை படிப்பக்கம் பார்த்தான். என் கால்களாவது தெரிந்திருக்கும். பிறகு, "ஆமாம்மா" என்றான்.

அண்ணன் என்று சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் தனிச் சமையல் என்று அவள் கேட்டிருப்பாள். அதற்குப் பயந்திருப்பான். இன்றுவரை நான் அவனுக்காகக் கண்டுபிடித்திருக்கும் சமாதானம் இதுதான். யோசித்தால் அந்தச் சமாதானமும் நிற்கவில்லை.

அந்தப் பெண் மேலே வந்தாள். முதலில் ஒடிசாப் பையன்கள். ஆளுக்கொரு ஊர், சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது, ஒரே குக்கர். "அப்போ நீங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்று பதிந்துகொண்டாள். அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு என் அறைக்கு வந்தாள். ஜன்னலோரம் இருந்த அடுப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வெளிநாட்ல இருந்து பணம் வருதா சார்?"

"நான்தாம்மா அனுப்பிக்கினு இருந்தேன். இந்த வூட்டுக்கு."

அவள் விரல் நின்றது. "எப்ப சார்?"

"வந்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது."

"ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பினதத்தான் சார் இதுல போட முடியும்." நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பணம் அனுப்ப வெயிலில் வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் தம்பி போன் பண்ணுவான். "அண்ணே, மாடிப்படிக்கு இன்னா கலர் டைல்ஸ் போட்லாம்?" செங்கல் கலர் போடச் சொன்னேன். சற்றுமுன் நான் நின்று ஒட்டுக்கேட்டது அந்தப் படியில்தான்.

"இது சொந்த வீடா, வாடகையா சார்?"

கீழே தம்பி இன்னும் வாசலில்தான் இருந்தான். அவனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "வாடகைதாம்மா." எவ்வளவு என்று கேட்டாள். ஒடிசாப் பையன்கள் கொடுக்கும் வாடகையைச் சொன்னேன். இப்போதாவது மேலே ஓடிவருவான் என்று நினைத்தேன். நாற்காலியை உள்ளே எடுத்து வைக்கும் சத்தம்தான் கேட்டது.

என் கோபம் அத்தோடு அடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் முதல் தேதி, அவன் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வாடகைப் பணத்தை நீட்டினேன். "இன்னாண்ணே இது" என்று என் கையைத் தட்டிவிடுவான், அந்தச் சாக்கில் அடுப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு. அன்று நான் உலைகூட வைக்கவில்லை.

அவன் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகத்தைப் பார்க்கவில்லை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்:

"கரண்ட் பில்லு தனிண்ணே. அந்த அடுப்பு ரொம்ப இழுக்குது."