போத்தல் மூடிக் கிணறுகள்

"…அதெல்லாம் சரி அண்ணை, வீதிக்கு வீதி கிணறு இருந்தது, சனம் வடிவா முழுகிக் குளிச்சுது எண்டு அரை மணித்தியாலமாச் சொல்லிக்கொண்டு நிக்கிறியள். நான் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். அந்தக் கிணத்துக் கயிறு ஆரின்ர கையில இருந்தது?"

கேட்டது என்னோடு வேலை செய்கிற அக்கா. இடம், நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளக் கூடம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு பிற்பகல். முன்னால் ஒரு நீள மேசை. அதன் மேல், சிந்து நதிக்கரைப் பழைய நகரம் ஒன்றின் மாதிரி, களிமண்ணாலும் மட்டையாலும் செய்து வைக்கப்பட்டிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் எங்கள் சங்கத்துத் தலைவர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு.

அந்தக் கேள்வி அங்கே எப்படி வந்து விழுந்தது என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லத் தொடங்கினாலே எனக்கு இப்பவும் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் தலைவர் மேல். மற்றப் பாதி யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

அக்காவும் நானும் போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில், மூடிகள் ஓடிவருகிற ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றோம். கோணல் மூடியைப் பொறுக்கி எறிவதுதான் வேலை. அக்காவின் வாயில் வார்த்தைகள் சும்மா வராது. "கைக்குத்தான் சம்பளம், வாய்க்கு லீவு" என்பார். மேற்பார்வையாளர் தலைக்கு மேல் வந்து நின்றால், "காகம் இருக்கப் பனை விழாது, வேலையைப் பார்" என்பார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கே வந்த பிறகுதான் நூலகத்தில் படப் புத்தகங்களாக எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மொகஞ்சதாரோ பற்றிய புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது.

"உது என்ன, சிம்னியோ?" என்று அக்கா ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"கிணறு அக்கா. சுத்தியிருந்த மண்ணை எல்லாம் தோண்டி எடுத்துப் போட்டாங்கள். அதுதான் கிணறு தனிய, கோபுரம் மாதிரி நிக்குது."

"ஒரு ஊருக்கு ஒண்டோ?"

"இல்லை. தெருவிலயும் இருக்காம், வீட்டுக்குள்ளயும் இருக்காம். சின்ன வீட்டுக்காரருக்கும் பக்கத்தில இருக்காம்."

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டார். அடுத்த பக்கத்தில் கிணற்றுக் கட்டின் செங்கல் ஒன்றைக் கிட்டத்தில் காட்டியிருந்தார்கள். கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள், வரிவரியாக. அந்தத் தடத்தை அக்கா விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். ஊரில் அவர்களைக் கயிற்றைத் தொட விடுவதில்லை. குடத்தோடு தூர நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி வந்து அள்ளி ஊற்றினால் தண்ணீர். இல்லாவிட்டால் வெயில் ஏறுமட்டும் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டு வளவிலும் கிணறு இருந்தது. சின்ன வயதில் அப்படி, குடத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. புண்ணியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஊற்றினேன்.

"மகளுக்கு நான் உந்தக் கதையைச் சொல்லேல்லை" என்றார் அக்கா. "சொல்லவும் மாட்டன். பைப்பைத் திறந்தால் தண்ணி வரும் எண்டது மட்டும் தெரிஞ்சு அவள் வளரட்டும்." மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்த மாதமே சங்கத்தில், 'எங்கள் பழைய நாகரிகம்' என்று ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். மாதிரி நகரம் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்காவையும் இழுத்துக்கொண்டேன். அவர் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மூடிகளைக் கேட்டு வாங்கி வந்தார். வாய் மேலே பார்க்கும்படி வைத்து, சுற்றிவரக் களிமண்ணில் சின்னச் சின்னக் கல் வெட்டி ஒட்டி, விளிம்பில் ஊசியால் கயிற்றுத் தடமும் கீறினார். பன்னிரண்டு கிணறுகள். நகர மதிலுக்கு உள்ளே ஐந்து, வெளியே தொழிலாளர் வீடுகளுக்கு நடுவில் ஏழு. "ஆருக்கும் கால் நோகாத ஊர்" என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை. மகளையும் கூட்டிவந்து காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டோர்செட் பார்க் பகுதியில் தலைவரின் அபார்ட்மென்டுக்கு மாதிரியைக் காட்டக் கொண்டுபோனோம். தலைவர் நகரத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"தங்கச்சி ஊரில எவடம்?"

அக்கா ஊரைச் சொன்னார்.

"ஊரில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்காலயோ, மேற்காலயோ?"

"மேற்கால."

"ஓ… குளத்தடி ஒழுங்கையோ?"

"ஓம் அண்ணை. குளத்தடிதான்."

அவ்வளவுதான் விசாரணை. ஆள் எந்தச் சாதி என்று பிடிக்க யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்த மூன்று கேள்வி போதும். விமானம் ஏறி, கடல் கடந்து, பனிக்குள் வந்து பதினெட்டாம் மாடியில் குடியிருந்தாலும் இந்தக் கேள்விகள் கூடவே வந்து குடியேறிவிடுகின்றன. விசா கேட்காமல் உள்ளே வந்தது இது ஒன்றுதான்.

கண்காட்சிக்கு முதல் நாள் கூடத்தில் மேசை அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா வேலைக்குப் போயிருந்தார். தலைவர் குச்சியால் மதிலுக்கு வெளியே தட்டினார்.

"உந்த ஏழு கிணத்தையும் எடுத்துவிடும்."

"ஏன் அண்ணை? புத்தகத்தில இருக்கே."

"புத்தகம் வெள்ளைக்காரன் எழுதினது. தொழில் செய்யிற சனத்துக்கு என்னத்துக்குத் தனிக் கிணறு? அவைக்கு ஊத்திவிட ஆக்கள் இருந்திருப்பினம். எங்கட ஊர் முறை எல்லாம் எங்கையிருந்து வந்தது எண்டு நினைக்கிறீர்? வேர் இதுதான். ஐயாயிரம் வருச வேர்."

கேளுங்கள் நியாயத்தை! அந்த நகரத்து முத்திரைகளில் இருக்கிற எழுத்து என்ன சொல்கிறது என்று உலகத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் வாசித்து முடிக்கவில்லை. கொம்பு வைத்த தலையோடு சப்பணம் கட்டி இருக்கிற உருவம் சிவனா வேறு யாருமா என்றே பெரிய படிப்பாளிகள் அடிபடுகிறார்கள். அரசன் இருந்தானா என்பதும் தெரியாது. ஆனால் எங்கள் தலைவர், யார் எங்கே தூர நின்றார்கள் என்பதை மட்டும் பிழையில்லாமல் வாசித்துவிட்டார். ஏட்டில் இல்லாததைக் கண்ணாலேயே வாசிக்கிற வித்தை! இருந்த வேரைத் தேடிப் போகவில்லை அந்த மனுசன். தன் வீட்டு மரத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஐயாயிரம் வருடத்துக்கு அப்பால் நட்டுவிட்டு, 'பார், வேர் எவ்வளவு ஆழம்' என்கிறார்.

இதையெல்லாம் அன்றைக்குச் சொன்னேனா? இல்லை. 'ஊரோடு ஒத்து வாழ்' என்று ஒரு பழமொழி இருக்கிறதே, கோழைகளுக்கென்றே நெய்து வைத்த போர்வை. அதை இழுத்து மூடிக்கொண்டு, ஏழு கிணறுகளையும் நானே கிளப்பி எடுத்தேன். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, மேசைக்குக் கீழே தள்ளினேன். களிமண் காயாததால் சத்தமில்லாமல் வந்தன. மற்றப் பாதிக் கோபம் யார் மேல் என்று இப்போது விளங்கியிருக்கும்.

மறுநாள் அக்கா மகளோடு வந்து இரண்டாவது வரிசையில் இருந்தார். சேலை, தலையில் பூ. தலைவர், வீதிக்கு வீதி கிணறு என்று முழங்கிக்கொண்டிருக்கும்போதே மகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்.

"அம்மா, உங்கட வெல்ஸ் எங்கை? டுவெல்வ் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

அக்கா எழும்பி மேசையைப் பார்த்தார். மதிலுக்கு வெளியே ஏழு வட்டக் குழி. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவர் தலைவரை அண்ணை என்று கூப்பிட்டு, கயிறு யாருடைய கையில் இருந்தது என்று கேட்டது.

பின் வரிசையில் ஒருவர், "கயிறு கையிலதானே இருந்திருக்கும் அக்கா, காலிலயோ?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தலைவரும் சிரித்தார். "தங்கச்சி, இது சரித்திரம் கதைக்கிற இடம். ஊர்க் கிணத்துக் கதை கதைக்கிற இடமில்லை. இரும்."

அக்கா இருக்கவில்லை. மகளை ஒருதரம் பார்த்தார். சொல்வதா விடுவதா என்று அந்த முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

"எங்களைக் கயித்தைத் தொட விடேல்லை அண்ணை" என்றார், மெதுவாக. "குடத்தோட தூர நிண்டனான். இவளின்ர வயசில. ஊரில நிண்டது போதும். ஐயாயிரம் வருசத்துக்கு முந்தியும் கொண்டுபோய் எங்களைத் தூர நிப்பாட்டுறியளோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பிப் போய், மேசைக்குக் கீழே இருந்த டின்னை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

அக்கா மேசைக்கு முன்னால் வந்தார். ஏழு கிணறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் குழியில் வைத்து அழுத்தினார். பிறகு, தலைவர் குடிப்பதற்கென்று வைத்திருந்த வெள்ளித் தம்ளரை எடுத்து, பன்னிரண்டு கிணற்றுக்கும் சிந்தாமல் தண்ணீர் வார்த்தார். தம்ளரில் மிச்சம் இருந்தது. அதை அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து, அவசரப்படாமல், கடைசித் துளிவரைக்கும் குடித்தார்.