தலைக்கு மேல் தொங்கிய கயிறு

கண்ணுங்களா, துடியலூர் பம்பு கம்பெனியில் எனக்கு முந்தின மேசை உங்கள் அப்புச்சியுடையது. அவர் தண்ணீர் ஒழுகாமலிருக்க ரப்பர் ரிங் போட்டுத் தள்ளுவார், நான் மூடி வைத்து போல்ட்டு முடுக்குவேன். அவர் மகளை எனக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக இருந்தது. உங்கள் அம்மாவைத்தான்.

அந்த நேரம் பார்த்து, பம்பு கைமாறிப் போகும் லைனுக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். தப்பைக் கண்டவர் இழுத்தால் லைன் நிற்கும். பம்புகள் ஒழுகுகின்றனவென்று திரும்பி வந்துகொண்டிருந்தன. சரவணம்பட்டியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த தம்பி கதை சொன்னார். ஜப்பானில் ஒருவர், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி செய்தாராம். நான் சோமனூரில் பார்த்த பழைய தறிகளை ஆள்தான் ஓடி வந்து நிறுத்தணும். அந்த ஜப்பான்காரர் குடும்பமே பிறகு கார் செய்யப் போனது. சாமான் வாங்கிக் குவிக்கக் காசில்லாத காலம். கேட்ட அளவுக்கு மட்டும் செய், தப்பைக் கண்டால் அங்கேயே நிறுத்து என்று பழகினார்கள். அமெரிக்காக்காரர்கள் போய்ப் பார்த்து, அதற்கு 'லீன்', அதாவது வீண் சதை இல்லாதது, என்று பேர் வைத்தார்கள். ஊரெல்லாம் சுற்றி அது எங்கள் தலைக்கு மேல் வந்து தொங்கியது.

அடுத்தவர் தப்பைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் யாரும் இழுக்கவில்லை. "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லலாமுங்களா" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் ஒழுகும் பம்பு பெட்டிக்குள் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை அப்புச்சி தள்ளிய பம்பில் ரிங் இல்லை. இழுத்தால் பெண் போச்சு. விட்டால் யாரோ ஒரு விவசாயி கிணத்துமேட்டில் நின்று எங்களைத் திட்டுவார். இழுத்துப்போட்டேன்.

லைன் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

பயிற்சித் தம்பி குஷியாக ஓடி வந்தார். யாரையும் திட்டக் கூடாது, காரணம் கிடைக்கிற வரைக்கும் 'ஏன்' கேட்கணும் என்பது அவர் பாடம்.

"ஏனுங்க ரிங் போடலை?"

"மறந்துபோட்டேனுங்க," என்றார் அப்புச்சி.

"ஏன் மறந்தீங்க?"

"யோசனையா இருந்தேனுங்க. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. எத்தனை பேருன்னு இன்னும் சொல்லலீங்க."

"ஏன் சொல்லலை?"

அப்புச்சி என்னைக் கைகாட்டினார். "அதை அவருகிட்டயே கேளுங்க."

தம்பி பலகையில் 'மூல காரணம்' என்று எழுதி, பக்கத்தில் என் பேரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். என் காப்பியில் மட்டும் சர்க்கரை இல்லை. மற்றவர்கள் சப்புக்கொட்டிக் குடிக்கிறார்கள். அப்புச்சி என் டம்ளரையே பார்க்கிறார்.

"சர்க்கரை இல்லீங்க மாமா," என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சொன்னேனல்ல அம்மணி," என்று அப்புச்சி அந்தப் பக்கம் திரும்பினார். "தப்பைச் சொல்ல இவருக்குக் கயிறே வேண்டாம்."

"அப்போ சரின்னு சொல்லிருங்கப்பா," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சர்க்கரை டப்பா அதற்கப்புறம்தான் வந்தது.