ரத்த சொந்தம் வரும் வரை

வேலூரில் விடியற்காலை மெட்ராஸ் பஸ் ஏறும்போது என் மடியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் கமலா கட்டிக்கொடுத்த இட்லி. மற்றதில் பிணத்துக்குப் போர்த்தக் கோடி வேட்டி. டிக்கெட் பதினைந்து ரூபாய். குமணன்சாவடி வரை நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கண்டக்டர் பொட்டலத்தைப் பார்த்து, "கல்யாணமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலை நேரத்தில் ஒரு நல்ல மனிதரின் முகத்தைக் கெடுப்பானேன்?

தொண்ணூற்று நாலு, தை மாதம். முந்தின நாள் செல்வமணியிடமிருந்து தந்தி வந்திருந்தது: பாஸ்கர் போய்விட்டான், வா.

செல்வம் என் கல்லூரித் தோழன். அவன் மனம் போவது ஆண்கள் பக்கம், என் மனம் போவது பெண்கள் பக்கம் என்பதைக் கடைசி வருடம் கான்டீனுக்குப் பின்னால் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு யார் கொள்ளி வெப்பாங்க நிர்மலா? நாமளே ஒரு சங்கம் ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்று அன்று சிரித்தான். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அம்பத்தூரில் என்ஜினீயராக வேலைக்குச் சேர்ந்த கையோடு, எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களைக் கூட்டி அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் குழுவை நிஜமாகவே ஆரம்பித்துவிட்டான். ஆண்டு விருந்துகளில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, "நம்ம செல்வம் சேவையையே கட்டிக்கிட்டான்" என்பார்கள். எல்லோரும் கைதட்டுவோம். அவன் கட்டிக்கொண்ட பாஸ்கர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'நண்பர்' என்ற பெயரில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

பத்து மணி வாக்கில் குமணன்சாவடியில் இறங்கினேன். பெங்களூர் சாலையில் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி போய்க்கொண்டிருந்தன. பாஸ்கரின் சைக்கிளை லாரி அடித்ததும் இந்த முனையில்தான். பூக்காரி அந்த இடத்திலேயே கூடையை இறக்கி வைத்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

குழுவின் வேன் ஓரமாக நின்றது. டிரைவர் மூர்த்தி கதவைத் திறந்துவிட்டான். "குந்து யக்கா. அண்ணாத்தே நேத்துலேர்ந்து சோறு துன்னல. நீயாச்சும் சொல்லு."

உள்ளே உட்கார்ந்திருந்த செல்வம் நான் நீட்டிய இட்லியைத் தொடவில்லை. ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் விஷயத்தைச் சொன்னான். உடலைக் கேட்கப் போனபோது என்ன உறவு என்று போலீசார் கேட்டிருக்கிறார்கள். நண்பன் என்றிருக்கிறான். நண்பருக்கெல்லாம் தர முடியாது, ரத்த சொந்தம் வரவேண்டும் என்றார்களாம். இன்று மதியத்துக்குள் யாரும் வராவிட்டால் அநாதைப் பிணம் என்று எழுதிக் குழுவிடம் கொடுத்துவிடுவார்கள்.

"ஒம்பது வருஷம் ஒண்ணா இருந்தேன். அவன் அநாதையானாத்தான் எனக்குக் கிடைப்பான்" என்றான்.

"அவன் அண்ணனுக்குத் தெரியாதே?"

"தெரியும். நான்தான் தந்தி அடிச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் தோளில் ஒரு அடி வைத்தேன். திண்டிவனத்து அண்ணன் பாஸ்கரை வீட்டைவிட்டுத் துரத்தி, செத்தாலும் சொல்லியனுப்பாதே என்று சொன்ன ஆள். "யாராவது கேட்டாங்களா உன்னை?"

"சொந்தக்காரனைத் தேடாம ஒரு பொணத்தையும் எடுக்கக் கூடாதுன்னு குழுவுக்கு விதி போட்டவன் நான். இவனுக்கு மட்டும் மாத்தினா, இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் பொய்யாயிடும் நிர்மலா."

தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள ஒரு நேர்மை வேண்டும். அது அவனிடம் நிறையவே இருந்தது.

மதியம் வரை ஆசுபத்திரி வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். வாசலில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் செல்வத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் ஏட்டு வந்தார். "யாரும் வர்ல சார். கையெழுத்து போட்டு எடுத்துக்கங்க. எப்பவும் செய்யறதுதானே?" ஆமாம் சார், எப்பவும் செய்யறதுதான் என்று செல்வம் கையெழுத்துப் போட்டான். அவன் முகம் தெளிந்திருந்தது. பிணம் கிடைத்ததற்கு ஒருவன் நிம்மதிப்படுவதை அன்றுதான் பார்த்தேன். கோடி வேட்டியை நானே போர்த்தினேன்.

கரையான்சாவடி, பருத்திப்பட்டு வழியாக ஆவடி பத்து கிலோமீட்டர். ஆவடியில் மூர்த்தி டீக்கு நிறுத்தினான். எங்கே நின்றாலும் செல்வத்துக்கு ஒரு வணக்கம் வந்தது. லுங்கிக்காரர் ஒருவர் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, எலெக்‌ஷன் எப்போ வந்தாலும் நீதான் நிக்கணும். பொணத்துக்கே இம்மாஞ் செய்றவன், உசுரோட கீற எங்களுக்குச் செய்ய மாட்டியா?"

"குடும்பஸ்தனா ஒருத்தனப் பாரு நைனா."

"அத்தத்தான் ஊர்ல கேக்குறானுங்கோ. ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கினா முடிஞ்சிது மேட்டரு." சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "இது யாரு பொணம்?"

"நம்ம கேஸுதான்" என்றான் செல்வம். மூர்த்தி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தான்.

வெள்ளானூரில் வயல் பாதி, மனைக்கல் பாதி. அதில் ஒரு மனையில்தான் இருவரும் வீடு கட்டியிருந்தார்கள். சுடுகாடு அங்கிருந்து கூப்பிடு தூரம். செல்வத்தின் குழுவில் பெண்களும் சுடுகாட்டுக்குள் வரலாம். சொந்தமில்லாத பிணத்துக்கு ஆசாரம் பார்ப்பவர் யார்? நானும் சிதையருகே நின்றேன். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். செல்வம் தலைமுழுகி ஈர வேட்டியோடு வந்து, நீர்க்குடத்தைத் தோளில் தூக்கி வைத்தான். கடைசியாக முகம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டியான் குரல் கொடுத்தார்.

அப்போது ஆட்டோ வந்தது.

பாஸ்கரின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்ததால் யார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வத்திடம் வந்தார். "தந்தி லேட்டாத்தான் கெடச்சுது. ஆசுபத்திரில கேட்டு வர்றேன். நீங்கதான் செக்ரட்டரிங்களா? ரொம்ப நன்றிங்க. இனிமே நான் பாத்துக்கறேன்." என் பக்கம் திரும்பி, மரியாதையாகவே, "லேடீஸ் இங்க வரக்கூடாதுங்களே" என்றார்.

செல்வம் குடத்தை இறக்கி அவர் தோளில் வைத்தான். நான் வெளியே போய் வேன் ஓரமாக நின்றேன்.

அண்ணனுக்கு முறை எதுவும் தெரியவில்லை. எத்தனையோ பேருக்குக் கொள்ளி வைத்த செல்வம் அவருக்குப் பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்டது. "மெதுவா வாங்க... இப்ப குடத்தை விட்டுடுங்க... முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வையுங்க... அவ்வளவுதாங்க. இனி திரும்பிப் பாக்காம நேரா நடங்க." அவர் அப்படியே திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவுக்கு நடந்தார். செல்வம் அசையாமல் நெருப்பைப் பார்த்தபடி நின்றான்.

மூர்த்தி உள்ளே போய் அவன் கையைப் பிடித்தான். "வா அண்ணாத்தே. திரும்பிப் பாக்காத வா."

"அது கொள்ளி வெச்சவருக்கு மூர்த்தி. நான் பாக்கலாம்" என்றான்.

என்னைப் பூந்தமல்லியில் பஸ் ஏற்றிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கிருந்து வாலாஜா வரை அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். வேலூரில் நானும் கமலாவும் வாடகை மிச்சம் பிடிக்கச் சேர்ந்து வாழும் இரண்டு டீச்சர்கள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கமலாவுக்கு அரக்கோணத்தில் அக்கா, எனக்குக் குடியாத்தத்தில் அண்ணன். நல்லவர்கள்தான், தந்தி போனால் வந்துவிடுவார்கள். வந்தபின் எங்களில் மிஞ்சியவளுக்குச் சுடுகாட்டு வாசல்கூட இல்லை.

கமலா கதவைத் திறந்ததும் தலைக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கிறது என்றாள். நான் உள்ளே போகாமல் படியிலேயே நின்றேன்.

"நான் முந்திக்கிட்டா நீ தந்தி அடிக்கக் கூடாது கமலா."

"முதல்ல தலைக்கு ஊத்திக்க, வா" என்று மட்டும் சொன்னாள். செல்வத்தைப் போலவே அவளும் நேர்மையானவள்.